ஜீன்ஸை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்: மலையில் இருந்து இறங்குபவர்களுக்கு ஒரு பீச் கிளப் வழிகாட்டி

போன தைப்பொங்கல் லீவில் நாங்கள் ஏழு பேர் இலங்கை மலையகத்துக் கொட்டகலையில் இருந்து ஒரு வேன் பிடித்து, தெற்குக் கரையில் வெலிகம பக்கம் புதிதாகத் திறந்திருக்கும் ஒரு பீச் கிளப்புக்குப் போய் வந்தோம். வந்த நாளில் இருந்து சொந்தக்காரர்கள், கூட வேலை செய்பவர்கள், முன்வீட்டு அக்கா என்று எல்லாரும் அதே கேள்விகளைக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டது, அதனால் எல்லாவற்றையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

பீச் கிளப் என்றால் என்ன என்று வேனில் ஏறும்வரை அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். கடலை ஒட்டி ஒரு ரெஸ்டோரண்ட், அதற்கு முன்னால் ஒரு நீச்சல் தடாகம், தடாகத்தைச் சுற்றி மெத்தை போட்ட கட்டில்களும் குடைகளும், ஒரு மூலையில் பாட்டுப் போட ஒரு டிஜே. பெரும்பாலும் தங்குவதற்கு ரூம் இருக்காது, பகலில் போய் இரவில் வெளியே வந்துவிட வேண்டும். "காசு குடுத்துப் பகல்ல படுத்துட்டு வர்ற இடமா?" என்றார். கிட்டத்தட்ட அதுதான். அங்கே காசு இடத்துக்குத்தான், சாப்பாடு அதற்கு ஒரு சாட்டு. இது புரிந்துவிட்டால் பில்லைப் பார்த்து நெஞ்சைப் பிடிக்க வேண்டி வராது.

எந்த மாதம், எந்தக் கரை

முதலில் கடலைப் பாருங்கள், கிளப்பை அப்புறம் பார்க்கலாம். ஹிக்கடுவ, உனவட்டுன, வெலிகம, மிரிஸ்ஸ என்று தெற்குக் கரை முழுவதும் டிசம்பரில் இருந்து ஏப்ரல் வரைதான் கடல் ஓரளவு அமைதியாக இருக்கும். மே மாதம் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கினால் செப்டம்பர் வரை அலை அடிக்கும், மழையும் சேர்ந்துகொள்ளும். அந்த மாதங்களில் படத்தில் பார்த்த நீலக் கடல் கிடைக்காது, பழுப்பு நிறக் கடலும் பறக்கிற குடையும்தான் கிடைக்கும். கிழக்குக் கரை இதற்கு நேர்மாறு: அறுகம்பை, பாசிக்குடா எல்லாம் மே முதல் செப்டம்பர் வரை நன்றாக இருக்கும். ஆகவே பிள்ளைகளின் ஆகஸ்ட் லீவில் போவதென்றால் கிழக்கு, டிசம்பர் லீவென்றால் தெற்கு. நீச்சல் தெரியாத குடும்பத்துக்கு பாசிக்குடாவை அடிக்க ஆளில்லை, ஆழமில்லாத தண்ணீரில் வெகு தூரம் நடந்தே போகலாம், அதோடு சுற்றிவர எல்லாரும் தமிழ்தான் பேசுவார்கள். ஆனால் ஸ்டைலான கிளப்புகள் அதிகம் இருப்பது தெற்கில்.

லீவு நாட்களில் என் ஓட்டு தைப்பொங்கலுக்குத்தான். தீபாவளிக்குத் தோட்டத்தில் கொடுக்கிற முற்பணம் கையில் இருக்கும், ஆனால் அப்போது எல்லா இடத்திலும் மழை. சித்திரைப் புத்தாண்டுக்குப் பாதி நாடே கடற்கரையில் நிற்கும், விலையும் ஏறிவிடும். பொங்கலுக்கு நம் ஆட்களுக்கு லீவு, கடலும் நல்ல கடல்.

போயா (பௌர்ணமி) தினத்தில் நாடு முழுக்க மதுபானம் விற்க மாட்டார்கள், இந்தக் கிளப்புகளிலும் அப்படித்தான். குடிக்க நினைப்பவர்கள் அந்த நாளைத் தவிர்த்துவிடுங்கள், குடும்பமாகப் போகிறவர்களுக்கு அதைவிட நல்ல நாள் இல்லை. (மற்ற நாட்களிலும் 21 வயதாகாதவர்களுக்குச் சட்டப்படி கொடுக்க முடியாது. தம்பி தங்கச்சிகளைக் கூட்டிப் போகிற அண்ணன்மார் கவனம்.)

முன்பதிவு செய்யாமல் புறப்படாதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் ஞாபகம் வைப்பேன் என்றால் இதை வையுங்கள். இரண்டு வருடத்துக்கு முன் வேறொரு இடத்துக்கு முன்பதிவு செய்யாமல் போனோம். வாசலில் நின்ற பையன் எங்களை மேலும் கீழும் பார்த்தான், அண்ணனின் பாட்டா செருப்பைப் பார்த்தான், அம்மா கையில் இருந்த சாப்பாட்டுப் பையைப் பார்த்தான், "ஃபுல்" என்றான். அவன் முதுகுக்குப் பின்னால் பத்துக் கட்டில் வெறுமனே கிடந்தது. நாங்கள் திரும்பும்போதே இரண்டு வெள்ளைக்காரர்கள் உள்ளே போனார்கள். அவர்கள் முன்பதிவு செய்திருந்திருக்கலாம், எனக்குத் தெரியாது. ஆனால் அன்று வேனுக்குள் யாரும் பேசவில்லை.

இந்த முறை ஒரு வாரத்துக்கு முன்பே வாட்ஸ்அப்பில் எழுதிக் கேட்டு, வந்த பதிலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டோம். வாயால் கேட்டால் வாசலில் நிற்பவருக்குத் தெரியாது, எழுத்தில் இருந்தால் யாரும் மறுக்க முடியாது. என்ன கேட்க வேண்டும்? கட்டிலுக்கு வாடகையா, இல்லை குறைந்தபட்சச் செலவா என்பது முதலாவது. குறைந்தபட்சச் செலவு என்றால், உதாரணத்துக்கு நாலு பேர் கட்டிலுக்கு 20,000 ரூபாய் என்று சொன்னால், நீங்கள் சாப்பிடுவதும் குடிப்பதும் அந்தக் கணக்கில் கழியும், சாப்பிடாவிட்டாலும் அந்தக் காசு போனதுதான். அந்த 20,000க்குள் வரியும் சேருமா, அல்லது வரி அதற்கு மேலா என்பது அடுத்தது. இதைக் கேட்க மறந்தால் கடைசியில் சண்டை வரும். பிறகு பிள்ளைகளை விடுவார்களா, எத்தனை மணி வரை விடுவார்கள் (சில இடங்களில் பெரியவர்களுக்கு மட்டும்தான் அனுமதி), கட்டில் எடுக்காமல் சும்மா மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டால் தடாகத்தில் இறங்கலாமா, இலங்கையர்களுக்குத் தனி விலை உண்டா, முன்பணம் கட்டியபின் மழை பெய்தால் திருப்பிக் கொடுப்பார்களா. இங்கிலீஷ் வராதே என்று யோசிக்க வேண்டாம், சிங்களத்தில் எழுதினாலும் பதில் வரும். மனுப்போடுவது போல பணிந்து பணிந்து எழுதாதீர்கள், "ஏழு பேர், இந்தத் திகதி, இத்தனை மணி, இரண்டு கட்டில், எவ்வளவு" என்று நேராகக் கேளுங்கள்.

அந்த வாசலில் நின்றபோது எனக்குத் தெரியாத இன்னொரு விஷயமும் இருக்கிறது: கட்டிலும் குடையும் அவர்களுடையது, அலை வந்து தொடுகிற மணல் பொதுச் சொத்து. கிளப்புக்குள் போகாமலே கரையோரமாக நடந்து, கடலில் காலை நனைத்துவிட்டு வர யாருடைய அனுமதியும் தேவையில்லை.

இறங்குகிற வழி

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கம் இருப்பவர்கள் கினிகத்தேனை, கித்துல்கலை வழியாக அவிசாவளைக்கு இறங்கி, அங்கிருந்து ஹைலெவல் வீதியைப் பிடித்தால் கொட்டாவைக்கே போய்விடலாம், கொழும்புக்குள் நுழைந்து டிராபிக்கில் கிடக்க வேண்டியதில்லை. கொட்டாவையில் இருந்து மாத்தறைவரை அதிவேகப் பாதை 126 கிலோமீற்றர், வெலிகமைக்கு கொக்மாதுவையில் இறங்க வேண்டும். பஸ்ஸில் போகிறவர்களுக்கு கொட்டாவையிலேயே மாகும்புர பஸ் நிலையம் இருக்கிறது, மாத்தறை அதிவேக பஸ் அங்கிருந்து கிடைக்கும். மோட்டார் சைக்கிளையும் ஆட்டோவையும் அதிவேகப் பாதையில் விட மாட்டார்கள். சாமான் நிறைய இல்லாதவர்கள் கொழும்பு கோட்டையில் இருந்து கரையோர ரயிலிலும் போகலாம், வெலிகமையில் ஸ்டேஷன் உண்டு.

அப்புத்தளை, பண்டாரவளை ஆட்களுக்குக் கொழும்புப் பக்கம் வரவே தேவையில்லை. பெரகலையில் திரும்பி கொஸ்லந்தை, வெல்லவாய, தனமல்வில வழியாக அம்பாந்தோட்டைப் பக்கம் இறங்கினால் அப்படியே தெற்குக் கரை. வழியில் 220 மீற்றர் உயரத்தில் இருந்து விழுகிற தியலும நீர்வீழ்ச்சியும் இருக்கிறது. ஆனால் டிசம்பரில் ஊவாப் பக்கம் மழை விடாமல் பெய்துகொண்டிருந்தால் அந்தப் பாதையை விட்டுவிடுங்கள். அது 2014இல் மண்சரிவு லயன்களைப் புதைத்த மீரியபெத்தைக்குப் பக்கத்தால் போகிற பாதை, அதற்கு மேல் நம் ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

எந்த வழியில் போனாலும் போய் அன்றே திரும்ப நினைக்காதீர்கள். கடற்கரை வீதியில் இருந்து இரண்டு ஒழுங்கை உள்ளே தள்ளி ஒரு சின்ன கெஸ்ட் ஹவுஸ் எடுத்து, ஒரு இரவு தங்கி வாருங்கள். வளைவில் வாந்தி எடுப்பவர்களுக்கு முன் சீட்டும் ஒரு துண்டு இஞ்சியும் கொடுங்கள், வெறும் வயிற்றோடும் வேண்டாம், வயிறு முட்டவும் வேண்டாம்.

என்ன உடுப்பது

எங்கள் வேனில் நாலு பேர் ஜீன்ஸ். கொட்டகலைக் குளிரில் அதிகாலை மூன்றரைக்கு ஏறும்போது அது சரியான உடுப்புத்தான். பத்து மணிக்கு வெலிகமையில் இறங்கியபோது அது காலைச் சுற்றிய ஈரச் சாக்கு. மெல்லிய, தொளதொள துணிதான் அங்கே சரி.

தடாகத்தில் பருத்தித் துணியோடு இறங்க விடமாட்டார்கள், டீசேர்ட்டோடும்தான். நைலோன் மாதிரியான நீச்சல் துணி வேண்டும். பெண்களுக்கு முழுக்கை, முழுக்கால் மூடிய நீச்சல் உடை இப்போது சாதாரணமாகக் கிடைக்கிறது. கிளப்பில் விற்கிற விலைக்கு அதை வாங்காதீர்கள், கொழும்பு புறக்கோட்டையில் அதே சாமானை மூன்றில் ஒரு பங்கு காசுக்கு எடுக்கலாம். எங்கள் அண்ணி அப்படி ஒன்றைப் போட்டுக்கொண்டுதான் நாள் முழுக்கத் தண்ணீரில் கிடந்தார், யாரும் ஒரு பார்வை பார்க்கவில்லை. அம்மா சேலைதான், கட்டிலில் உட்கார அதற்கு ஒரு தடையும் இல்லை. ஆனால் சேலையோடு அலைக்குள் இறங்கக் கூடாது. நனைந்த சேலை காலைப் பின்னிவிடும், ஆளை எழும்ப விடாது.

அண்ணனைக் கேலி செய்யாதீர்கள், பாட்டா செருப்புத்தான் சரி. சப்பாத்து போட்டு வந்த மாமா அதைக் கழற்றி நாள் முழுக்க மடியில் வைத்துக்கொண்டிருந்தார், யாராவது எடுத்துவிடுவார்கள் என்று. லொக்கர் இருக்கிறதா என்று கேட்டிருந்தால் ஒரு நிமிட வேலை. துவாய் பல இடங்களில் தருவார்கள், முன்பணம் வாங்கிக்கொண்டு.

உள்ளே போனபின்

எங்களுக்குக் கட்டில் காட்டிய தம்பி நாங்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு, மெதுவாக, "அட்டன் பக்கமா அக்கா?" என்றான். பொகவந்தலாவைப் பக்கத்துப் பிள்ளை. அதற்குப் பிறகு சொன்னதுதான் காசு பெறுகிற தகவல்: "அந்த முன் வரிசையில எடுக்காதீங்க. இப்ப நிழல் இருக்கும், ரெண்டு மணிக்கு மேல வெயில் குடைக்குக் கீழால நேரா முகத்துல அடிக்கும். ஸ்பீக்கரும் பக்கத்துல." நாங்கள் பின் வரிசையில் ஒரு பெரிய மரத்தடியில் எடுத்தோம். நீங்களும் கட்டிலில் பையை வைக்குமுன் மூன்று விஷயம் பாருங்கள்: சூரியன் எந்தப் பக்கம் இறங்கும், ஸ்பீக்கர் எங்கே, பிள்ளைகள் தடாகத்தில் இருந்தால் இங்கிருந்து தலை தெரியுமா.

காசைச் சுருக்க வேண்டுமா, காலையில் போகாதீர்கள். மூன்று மணிக்குப் போய் இருட்டும்வரை இருங்கள். கொளுத்தும் வெயில் போய்விடும், ஒரு நேரச் சாப்பாட்டுச் செலவு மிச்சம், ஆறு மணியை ஒட்டிச் சூரியன் இறங்கும்போதுதான் அந்த இடம் படத்தில் பார்த்த மாதிரி இருக்கும். மத்தியானச் சாப்பாட்டை டவுனில் ஒரு சோற்றுக் கடையில் முடித்துவிடுங்கள். கட்டுச்சோறு கொண்டு போனால் வெலிப்பன்னையில் அதிவேகப் பாதை ஓய்விடத்திலேயே சாப்பிட்டுவிடுங்கள், கிளப்புக்குள் வெளிச் சாப்பாட்டை விட மாட்டார்கள். எங்கள் ரொட்டியும் கட்டைச் சம்பலும் அங்கேதான் தீர்ந்தது.

மெனுவில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு சின்னக் கூட்டல் குறி இருக்கும். அதுதான் பொறி. ஒன்று 10 சதவீதச் சேவைக் கட்டணம், மற்றது 18 சதவீத வற் வரி. 3,000 ரூபாய் என்று போட்டிருக்கும் சாப்பாடு பில்லில் 3,800 ரூபாயைத் தாண்டும். மீன் கேட்டால் விலை 100 கிராமுக்கு என்று சின்ன எழுத்தில் இருக்கலாம், முழு மீனைக் காட்டும்போதே "இது மொத்தமா எவ்வளவு வரும்" என்று கேட்டுவிடுங்கள், கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. அம்மா மெனுவை ரூபாயில் படிக்கவே இல்லை. முப்பது வருடம் தேயிலைக் கொழுந்தெடுத்தவர், எல்லா விலையையும் ஒரு நாள் வேலைக்குப் பதிகிற பேரில், அதாவது ஒரு நாள் சம்பளத்தில், கணக்குப் போட்டார்: "இந்த எறால் நாலு பேரு. இந்தப் பச்சத்தண்ணி அரப் பேரு." அப்படிப் படித்தால் எதையும் வாங்க மனம் வராது, ஆனால் குறைந்தபட்சச் செலவுக்குக் காசு ஏற்கனவே எழுதியாகிவிட்டது, சாப்பிட்டுத் தீர்ப்பதுதான் லாபம் என்று அவருக்கு விளங்கப்படுத்த அரை மணித்தியாலம் போனது. அதற்குப் பிறகு நன்றாகச் சாப்பிட்டார். பகிர்ந்து சாப்பிடக்கூடிய பெரிய தட்டுகளை எடுங்கள், குளிர்பானத்தைவிடச் செவ்விளநீர் பெரும்பாலும் மலிவு.

தேத்தண்ணி மட்டும் கேட்காதீர்கள். சுடுதண்ணீரில் ஒரு பையைப் போட்டுக் கொண்டுவந்து வைத்தார்கள், அம்மா அந்தப் பையை நூலில் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பத் தண்ணீருக்குள் விட்டார், ஒரு வார்த்தை பேசவில்லை.

கடலும் வெயிலும்

நம்மில் நிறையப் பேருக்கு நீச்சல் தெரியாது, ஓடையில் குளித்த பழக்கத்தைக் கடலுக்குக் கொண்டு போகக் கூடாது. சிவப்புக் கொடி என்றால் இறங்காதீர்கள், சிவப்பும் மஞ்சளும் கலந்த கொடிகளுக்கு நடுவில்தான் காவலர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள், அங்கே இறங்குங்கள். வெலிகம வளைகுடா மணல் தரை, அலையும் பெரிதில்லை, அதனால்தான் அலைச்சறுக்குப் பழகுகிறவர்கள் அங்கே குவிகிறார்கள். இருந்தாலும் இடுப்பளவுக்கு மேல் வேண்டாம்.

ஏமாற்றுகிற இடம் ஒன்று உண்டு. இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருக்கும்போது நடுவில் ஒரு பாதை மட்டும் கறுப்பாக, அலையே இல்லாமல் அமைதியாகத் தெரியும். பிள்ளைகளுக்கு நல்ல இடம் என்று தோன்றும். கரைக்கு வந்த தண்ணீர் திரும்ப உள்ளே ஓடுகிற வாய்க்கால் அதுதான், ஆளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். அகப்பட்டால் கரையைப் பார்த்து நீந்திக் களைத்துப் போகாதீர்கள், எவ்வளவு பலமான ஆளும் அதை எதிர்த்து வெல்ல முடியாது. மிதந்துகொண்டு கையைத் தூக்கிக் காட்டுங்கள், நீந்தத் தெரிந்தால் கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் போய், இழுவை விட்டதும் திரும்புங்கள்.

வெயிலைப் பற்றி யாரும் நான் சொன்னதைக் கேட்கவில்லை. "நாங்க பாக்காத வெயிலா" என்றார் அண்ணன். மலையில் வெயில் அடித்தாலும் காற்று குளிர், வியர்வை தெரியாது. கீழே 30 பாகைக்கு மேல், மணலும் தண்ணீரும் வெயிலைத் திருப்பி முகத்தில் அடிக்கும், மேகம் மூடியிருந்தாலும் தோல் எரியும். அடுத்த நாள் அவரால் தோளில் பை மாட்ட முடியவில்லை. சன் கிரீமை இறங்குவதற்கு இருபது நிமிடத்துக்கு முன்பே பூசுங்கள், இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறையும் குளித்து ஏறியபிறகும் திரும்பப் பூசுங்கள். பதினொன்றில் இருந்து மூன்று வரை நிழல்தான். தலையிடி வந்தால் பனடோலைத் தேடுவதற்கு முன் தண்ணீர் குடியுங்கள்.

பில் வந்ததும் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் பாருங்கள், முன்பணம் கழித்திருக்கிறார்களா என்று முக்கியமாக. எங்களுக்குக் கழிக்க மறந்திருந்தார்கள், ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டியதும் உடனே திருத்திக் கொடுத்தார்கள். சேவைக் கட்டணம் ஏற்கனவே உள்ளே இருப்பதால் மேலதிகமாகக் கொடுப்பது உங்கள் விருப்பம். நாங்கள் அந்தப் பொகவந்தலாவைத் தம்பியின் கையில் தனியாகக் கொடுத்தோம், வேண்டாம் என்றான், அம்மா அவன் சட்டைப் பையில் வைத்துவிட்டு வந்துவிட்டார்.

வெளியேறுமுன் நல்ல தண்ணீரில் குளித்து உப்பைக் கழுவிவிடுங்கள், இல்லாவிட்டால் வேனில் உடம்பெல்லாம் சொறியும். அடுத்த நாள் காலையில் புறப்பட்டால் போதும், இருட்டில் பனி மூட்டத்துக்குள் வளைவு ஏற வேண்டாம். அப்புறம் ஸ்வெட்டர்களைக் கைக்கு எட்டுகிற இடத்தில் வையுங்கள். கினிகத்தேனையைத் தாண்டும்போது, நேற்று முழுக்க வெயில் வெயில் என்று புலம்பியவர்கள்தான் முதலில் கண்ணாடியை மூடச் சொல்வார்கள். நாங்கள் ஸ்வெட்டரை எல்லாம் டிக்கியில், நனைந்த ஜீன்ஸுகளுக்கு அடியில் போட்டிருந்தோம், வட்டவளையில் வேனை நிறுத்தி இறக்க வேண்டியதாகிவிட்டது.